இரண்டு கேன் தண்ணீர்

தென்காசி ஸ்டேஷனில் பொதிகை எக்ஸ்பிரஸ் வந்து நின்றபோது என் கையில் ஒரு துணிப்பை. எங்க வீட்டுக்காரர் கையில் இரண்டு கேன், ஐந்து லிட்டர் ஐந்து லிட்டராக. நல்லெண்ணெய் வாங்கின கேன்கள். சீயக்காய் போட்டு இரண்டு நாள் ஊற வைத்துக் கழுவி, மூடிக்குக் கீழே துணி சுற்றி இறுக்கி, எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பியிருந்தார்.

"ஏளா, சாய்ச்சிராத. சீட்டுக்கு அடியில நிமித்தி வையி" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே வண்டியோடு நாலு எட்டு நடந்தார்.

2019 ஜூன் 17, திங்கட்கிழமை. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. சுந்தரபாண்டியபுரத்தில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். தென்காசியும் திருநெல்வேலியும் நமக்குப் பட்டணம். அதைத் தாண்டிப் போனதென்றால் மதுரைக்கு ஒரு தடவை, திருச்செந்தூருக்குப் பல தடவை. தங்கச்சி மகள் வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கினதும், "பெரியம்மா, நீங்க சென்னைக்கு ஒரு நாலு நாள் வந்தே ஆகணும்" என்று அவளே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். தங்கச்சி மட்டும் போனில் ஒன்று சொன்னாள்: "அக்கா, முறுக்கு, அதிரசம்னு ஒண்ணும் சுட்டுச் சுமக்காத. தண்ணி கொண்டு வா." சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

கடையநல்லூரில் ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்த பெரியவர் தன் காலடியில் ஒரு கேனை வைத்தார். என் கேன்களைப் பார்த்தார். "மகன் வீடா?" என்றார். "தங்கச்சி வீடு" என்றேன். அதற்கு மேல் இரண்டு பேரும் பேச வேண்டியிருக்கவில்லை. சங்கரன்கோவில், இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் என்று இருட்டில் ஒவ்வொன்றாகப் போயின. வண்டி திரும்பும்போதெல்லாம் சீட்டுக்கடியில் தண்ணீர் புரளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன்.

காலையில் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலுக்கு மாறி குரோம்பேட்டை. வழியெல்லாம் நான் முதலில் பார்த்தது கட்டடங்களை இல்லை, குடங்களைத்தான். பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாய்த் தெருவோரத்தில் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் ஆட்களைக் காணோம். ஆளுக்குப் பதிலாகக் குடம் வரிசையில் நிற்கிறது என்று தங்கச்சி மகள் சொன்னாள். லாரி வரும் சத்தம் கேட்டால் எல்லா வாசலில் இருந்தும் ஓடிவருவார்களாம்.

தங்கச்சி குடியிருப்பது மூன்று மாடி, பன்னிரண்டு வீடு உள்ள ஒரு கட்டடம். போர் வற்றி இரண்டு மாதமாகிவிட்டது. எல்லா வீடும் காசு பிரித்து 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் வாங்கிக் கீழே தொட்டியில் விடுகிறார்கள். காலையில் ஆறு முதல் ஏழு வரைக்கும், சாயங்காலம் அதே மாதிரி ஒரு மணி நேரமும் குழாய் திறக்கும். அதற்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. துணி அலசின தண்ணீர் கக்கூசுக்கு. அரிசி களைந்தது வாசலில் இருக்கும் துளசித் தொட்டிக்கு. இதையெல்லாம் தங்கச்சி எனக்குச் சொல்லித் தந்தபோது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. சின்ன வயதில் பம்புசெட்டுத் தொட்டிக்குள் இறங்கினால் உதடு நீலம் பாரித்த பிறகும் ஏறாதவள் அவள். அம்மா புளியவிளாரை எடுத்துக்கொண்டு வந்தால்தான் ஏறுவாள்.

நான் கொண்டுபோன கேன் ஒன்றைத் திறந்து அன்றைக்கே பருப்பு வேக வைத்தாள். மலர வெந்துவிட்டது. அடுப்பின் முன்னால் நின்று கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்த்து, "பாத்தியா அக்கா, எப்படி வெந்திருக்குன்னு. இங்க லாரித் தண்ணியில மூணு விசில் கூட விட்டாலும் விதைவிதையா நிக்கும்" என்றாள். அந்தப் பருப்பில் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு அவள் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் இன்னொரு தடவை கையில் வாங்கிக் குடித்தார். இன்னொரு கேனை அவள் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

பட்டணத்தில் எனக்குப் பிடிக்காதது எது என்று ஊருக்கு வந்தபின் நிறையப் பேர் கேட்டார்கள். வெயில் பிடிக்கவில்லை. அந்த வாரம் மீனம்பாக்கத்தில் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. எங்கள் பக்கம் ஆனி பிறந்துவிட்டால் காற்று மேற்கேயிருந்து மலையைத் தாண்டி இறங்கும். சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் இரவும் பகலும் சுற்றும். வெயில் அடித்தாலும் உடம்பில் தங்காது. அந்த வருஷம் கேரளத்திலேயே மழை ஜூன் 8ஆம் தேதிதான் தொடங்கியது. அப்படியிருந்தும் நான் புறப்பட்ட அன்று ஊரில் காற்று புடவையை இழுத்தது. குரோம்பேட்டையில் காற்று என்று ஒன்று இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். தலைக்கு மேலே விமானம் வயிறு தெரியும் உயரத்தில் போகும். ஒவ்வொரு தடவையும் அலமாரிக் கண்ணாடி நடுங்கும். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. தங்கச்சி வீட்டில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, நான்தான் நாலு நாளும் பால்கனிக்கு ஓடினேன்.

தண்ணீர் விஷயத்தை என்னால் அப்படி விட முடியவில்லை. சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற நாலு ஏரியும் சேர்த்து 11,257 மில்லியன் கன அடி பிடிக்கும் என்று தங்கச்சி வீட்டுக்காரர் கணக்குச் சொன்னார். அந்த மாதம் அவற்றில் தண்ணீர் இல்லை. டிவியில் செம்பரம்பாக்கத்தின் தரை பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. அதே செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டு அடையாற்றில் வெள்ளம் போனது 2015 டிசம்பரில். "அப்போ இந்த வாசப்படியில முட்டளவு தண்ணி நின்னுச்சு அக்கா, பாலுக்கு இடுப்பளவுல நடந்து போனோம்" என்று தங்கச்சி கையை வைத்துக் காட்டினாள். நாலு வருஷத்துக்குள் ஒரே வாசலில் அதுவும் இதுவும். எங்கள் ஊரிலும் கோடை உண்டு, குளம் வற்றி உள்ளே மாடு மேய்கிற வருஷங்கள் உண்டு. ஆனாலும் குளம் எங்கே இருக்கிறது, எந்த மடை யாருக்குப் பாயும், கால்வாய் எங்கே தூர்ந்து கிடக்கிறது என்று ஊரில் ஒரு பிள்ளைக்குக்கூடத் தெரியும். தங்கச்சி கட்டடத்தில் நான் விசாரித்தவர்களில் ஒருவருக்கும் அந்த லாரி எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறதென்று தெரியவில்லை. எனக்கு நெஞ்சில் குத்தியது அதுதான். எங்கோ ஒரு ஊரில் என் வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் தன் கிணறு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார் இல்லையா?

புதன்கிழமை தங்கச்சி மகள் என்னை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனாள். தண்ணீர் இல்லாததால் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் லீவும் போட்டுக்கொண்டாள். எழும்பூர் மியூசியத்துக்குப் போகலாமா, மாலுக்குப் போகலாமா என்று கேட்டாள். மியூசியம் என்றேன்.

1851ல் தொடங்கினதாம். சிவப்புக் கட்டடங்களும் பெரிய பெரிய மரங்களுமாக, உள்ளே நுழைந்ததும் சூடு பாதி இறங்கிவிட்டது. திருவாலங்காட்டு நடராசர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். ஆனால் அன்றைக்கு என்னைப் பிடித்து நிறுத்தியது ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள்தான். அலெக்சாண்டர் ரீ என்ற வெள்ளைக்காரர் 1899லிருந்து 1905 வரைக்கும் தாமிரபரணிக் கரையில் தோண்டி எடுத்தவை. ஆதிச்சநல்லூரைத் தாண்டித்தான் நாங்கள் திருச்செந்தூர் போவோம். அந்த மேட்டை எத்தனை தடவை பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறேன், செம்மண்ணும் முள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கத் தகடுகள். துருப்பிடித்த இரும்பு வேல், அம்பு. பெரிய தாழிகள். ஒரு வெண்கலக் கிண்ணத்து மூடியில் எருமை. அந்த எருமையின் முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கொம்பைப் பின்னால் வளைத்து, முதுகைக் கொஞ்சம் உயர்த்தி, எங்கள் தெருவில் சாயங்காலம் குளத்திலிருந்து கரையேறுகிற எருமை எப்படி நிற்குமோ அப்படி. அதைச் செய்தவர் எருமையைத் தினமும் பார்த்தவர். எருமை இருந்தால் தண்ணீர் இருந்திருக்கும், தண்ணீர் இருந்தால் வயல் இருந்திருக்கும். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் பக்கத்து ஆறு ஒன்று ஓடுவதாக எனக்குப் பட்டது. தங்கச்சி மகள், "பெரியம்மா, அழறீங்களா?" என்றாள். இல்லை என்றேன். இத்தனை பழைய நம் பொருளைப் பார்க்க ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் வர வேண்டியிருக்கிறதே என்ற வருத்தமும் இருந்தது; இங்கே பத்திரமாக இருக்கிறதே, என் தங்கச்சி மகள் அதை என்னோடு சேர்ந்து பார்க்கிறாளே என்ற நிறைவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் தொண்டை அடைக்காமல் என்ன செய்யும்?

அங்கிருந்து ஆட்டோவில் மெரினா. கடலைப் பற்றி நான் என்ன எழுத? திருச்செந்தூர்க் கடல் தெரிந்தவள். மணலில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதும், அவ்வளவு ஜனம் ஒருவரையொருவர் இடிக்காமல் உட்கார்ந்து சுண்டல் தின்ன முடியும் என்பதும் புதிது. இரண்டு நாளில் முதல் தடவையாகக் காற்று முகத்தில் அடித்தது. தென்காசிக் கோவில் கோபுர வாசலில் நுழையும்போது ஆளைத் தள்ளுமே, அந்தக் காற்று மாதிரிக் குளிராது; உப்பும் வெக்கையும் கலந்த காற்று. ஆனாலும் காற்று காற்றுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பட்டணத்தில் எனக்குப் பிடித்தது எது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று ராத்திரி மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியைச் சொல்லியிருப்பேன்.

எட்டரை மணி இருக்கும். எழும்பூரில் ஏறினோம். பெட்டி முழுக்கப் பெண்கள். ஒருத்தி மடியில் பையை விரித்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்குப் போனதும் அடுப்பில் போட வேண்டியதாக இருக்கும். பக்கத்திலேயே ஒருத்தி பூ கட்டினாள், கட்டக் கட்ட முழம் போட்டு விற்றாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண், முன்பின் தெரியாத இன்னொரு பெண்ணின் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்தத் தோள்காரி கிண்டி வரைக்கும் அசையாமல் இருந்துவிட்டு, இறங்கும்போது அவள் தலையை மெதுவாக ஜன்னல் கம்பிக்கு மாற்றிச் சாய்த்துவிட்டுப் போனாள். பார்வை இல்லாத ஒரு அம்மா ஊக்கும் ஹேர்பின்னும் விற்றுக்கொண்டு வந்தார். எல்லோரும் காலை ஒதுக்கி வழி விட்டார்கள். ஒருவர் முகத்திலும் "நேரமாகிவிட்டதே" என்ற பயம் இல்லை. மாம்பலத்தில் இன்னும் ஐம்பது பேர் ஏறினார்கள்.

எங்கள் ஊரில் ஏழு மணிக்கு மேல் ஒரு பெண் தனியாக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தால், திண்ணைக்கு ஒரு கேள்வி வரும். "எங்க, இந்நேரத்துல?" "யாரு கூட வாரா?" அன்பாகக் கேட்பவர்களும் உண்டு, அதில் பொய் இல்லை. ஆனால் ஐம்பத்து மூன்று வருஷமாக நான் வாசலை விட்டு இறங்குமுன் பதிலை மனசுக்குள் தயார் செய்துகொண்டுதான் இறங்கியிருக்கிறேன். அந்தப் பெட்டியில் உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு பாரம் என்று தெரிந்தது. "நாளைக்கு நான் மட்டும் ஒரு தடவை போயிட்டு வரட்டா?" என்று தங்கச்சி மகளிடம் கேட்டேன். "எங்க பெரியம்மா?" என்றாள். "எங்கயாவது" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் போனேன். தனியாக டிக்கெட் எடுத்து, மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். வாங்கினது இரண்டு காட்டன் ஜாக்கெட் துணியும் பேத்திக்கு ஒரு ரிப்பனும். ஒரு கடை வாசலில் நின்று காபி குடித்தேன். நான் யார் மகள், யார் வீட்டுக்காரி, எதற்கு நிற்கிறேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தக் காபியின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது.

பகல் சாப்பாடு முடிந்து பாயில் சாய்ந்திருந்தேன். வெளிச்சம் மங்கியது. தங்கச்சி பால்கனியில் நின்று, "அக்கா, அக்கா" என்று அடித்தொண்டையில் கூப்பிட்டாள், ஏதோ பாம்பைப் பார்த்ததுபோல. ஓடிப்போய்ப் பார்த்தால் எதிர்ச் சுவரில் புள்ளி புள்ளியாய் ஈரம். ஒரு நிமிஷத்தில் சுவர் முழுக்க நனைந்துவிட்டது.

அது ஜூன் 20. நகரத்தில் 196 நாள் கழித்துப் பெய்த மழை என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தார்கள். குற்றாலத்துச் சீசனைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய மழை இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் நடந்ததை நான் குற்றாலத்திலும் பார்த்ததில்லை. மூன்று நாளாக மூடியே இருந்த பன்னிரண்டு கதவும் திறந்தன. வாளி, அண்டா, குக்கர், இட்லிக் கொப்பரை என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார்கள். ஒரு பையன் கிரிக்கெட் ஹெல்மெட்டை நீட்டிக்கொண்டு நின்றான். மழைக்குழாய் கொட்டுகிற இடத்தில் யாருடைய வாளி நிறைந்தாலும் பக்கத்தில் நிற்பவர் நகர்த்தி அடுத்த வாளியை வைத்தார்கள், அது யாருடையது என்று பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு தாத்தா முகத்தை அண்ணாந்து, கண்ணாடியைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

எதிர் வீட்டுப் பாட்டியை அன்றைக்குத்தான் பார்த்தேன். கையில் ஏழெட்டு மாதக் குழந்தை. "தண்ணி ஒத்துக்கல, குழந்தைக்கு ஒடம்பெல்லாம் தடிப்பு" என்று தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு வருஷமாக எதிரெதிர்க் கதவு. அவர்கள் இத்தனை நேரம் பேசினது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது. தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். கீழே போய் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கேனைத் தூக்கிக்கொண்டு வந்து பாட்டி காலடியில் வைத்தாள்.

"எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி பாட்டி. அக்கா ரயில்ல சுமந்து வந்தா. பிள்ளைக்குக் காய்ச்சிக் குடுங்க, இதுலயே ஒடம்பும் தொடச்சு விடுங்க."

"எந்த ஊரும்மா?"

"சுந்தரபாண்டியபுரம். தென்காசி பக்கத்துல."

பாட்டி முகம் மலர்ந்துவிட்டது. "ரோஜா படத்துல வருமே, அந்தப் பொண்ணோட ஊரு!" என்றார். 1992ல் வந்த படம். அதன் பிறகு எத்தனையோ படங்களுக்கு எங்கள் ஊரில் கேமரா வைத்தாயிற்று. 2005ல் அந்நியன் படத்துக்காக வண்ணம் பூசின பாறையை இன்றைக்கும் அந்நியன் பாறை என்றே கூப்பிடுகிறோம். எந்த ஊர் என்று சொன்னாலும் தெரியாத அந்த நகரத்தில், ஒரு படத்தின் பேரால் என் ஊரை ஒருவர் அடையாளம் கண்டதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் சூரியகாந்தியைப் பற்றிச் சொன்னேன். ஆடியில் தோட்டம் தோட்டமாகப் பூத்து நிற்பதையும், கேரளாவிலிருந்து வண்டி வண்டியாக வந்து போட்டோ எடுப்பதையும் சொன்னேன். மழை விட்ட பிறகும் மாடியில் நின்று பேசினோம். பாட்டி என்னைக் கேட்டார்: எத்தனை பிள்ளைகள், மருமகன் என்ன வேலை, மூட்டு வலிக்கு என்ன செய்கிறீர்கள், எப்போது ஊருக்கு, அடுத்து எப்போது வருவீர்கள். காலையில் ஒருத்தரும் ஒன்றும் கேட்காமல் குடித்த காபி எவ்வளவு இனித்ததோ, அதே அளவுக்கு அந்தக் கேள்விகளும் இனித்தன. இதை நான் இன்னும் முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி ஏறினேன். கேன் இரண்டும் காலி. அதனால் வண்டி திரும்பும்போது சத்தம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை விடிந்து இராஜபாளையம் தாண்டியதும் மேற்கே மலை தெரிய ஆரம்பித்தது. உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. தென்காசியில் இறங்கி சுரண்டை பஸ்ஸில் ஏறினால், பின் சீட்டிலிருந்து முதல் கேள்வி: "என்ன மதினி, ஆளையே காணோம், எங்க போனீய?" பதில் சொன்னேன். ஊர் போய்ச் சேருகிற பத்துக் கிலோமீட்டரும் சொல்லிக்கொண்டே போனேன்.

அன்றைக்குப் பம்புசெட்டில் குளிக்க இறங்கியபோது மூன்றாவது செம்பு ஊற்றக் கை நின்றது. எங்க வீட்டுக்காரர் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றபடி, "என்ன, தண்ணி குளுருதா?" என்றார்.

ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு முதல் தண்ணீர் ரயில் போனதை டிவியில் காட்டினார்கள். 50 வேகன், 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் அது வந்து நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது கடையநல்லூர்ப் பெரியவர்தான். அன்று சாயங்காலம் தங்கச்சி போன் செய்தாள். பாட்டி வீட்டுக் குழந்தைக்குத் தடிப்பு இறங்கிவிட்டதாம், தண்ணீரால்தானோ மருந்தால்தானோ. இப்போது இரண்டு வீட்டுக் கதவும் பகலில் திறந்துதான் கிடக்கிறதாம். "பெரியம்மா அடுத்து எப்ப வருவாங்கன்னு பாட்டி டெய்லி கேக்குறாங்க" என்று தங்கச்சி மகள் போனைப் பிடுங்கிச் சொன்னாள்.

பேசி முடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். சூரியகாந்தி மொட்டு விட்டிருந்தது. கிணற்று மேட்டில் அந்த இரண்டு கேனையும் எங்க வீட்டுக்காரர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். பக்கத்தில் அதே மாதிரி இன்னும் இரண்டு.